வலி மாத்திரைக்கு விலாசம் கிடையாது

மருந்துக்கடையில் வேலை பார்க்கும் அக்காவுக்குக் கோபம் தலைக்கேறியது. ரத்தவாந்தி எடுத்த அப்பா ஆஸ்பத்திரிக் கட்டிலில் கிடக்க, தம்பி கையைப் பிசைந்துகொண்டு நின்றான்.

"ரத்தம் உறையாம இருக்க மாத்திரை சாப்பிடுற மனுஷனுக்கு மூட்டுவலி மாத்திரையைக் குடுத்தியா? அறிவிருக்கா உனக்கு?"

"வலியில துடிச்சாருக்கா. பாக்க முடியல."

"மூட்டுக்கு மட்டும் போய்ச் சேர, அதுல விலாசம் எழுதியா ஒட்டியிருக்கு? ரத்தத்துல கலந்து உடம்பு முழுக்கச் சுத்தும்டா. வயித்தையும் அரிக்கும். ஒண்ணு புண்ணாக்கும், இன்னொண்ணு அந்தப் புண்ணுல வர்ற ரத்தத்தை நிக்க விடாது. ரெண்டும் கூட்டுக் களவாணிங்க! பதினஞ்சு வருஷமா ஊருக்கெல்லாம் இதைத்தான் தொண்டை கிழியக் கத்துறேன். எனக்கு ஒரு போன் பண்ணத் தோணலையா? எந்த மடையன் குடுக்கச் சொன்னான்?"

தம்பி சட்டைப்பையிலிருந்து ஒரு பழுப்பு மாத்திரை உறையை எடுத்து நீட்டினான். போன வருஷம், அப்பாவுக்கு இதயத்தில் அடைப்பு வந்து ரத்தம் உறையாமலிருக்கும் மாத்திரை ஆரம்பிப்பதற்கு முன்னால், அவள் கடையிலிருந்து கொண்டுவந்து கொடுத்தது. புது மருந்து ஆரம்பித்தால் பழையதையெல்லாம் ஒருதரம் எடுத்துப் பாருங்கள் என்று ஊருக்கே சொல்கிறவள், அப்பாவின் அலமாரியைத் திறக்கவே இல்லை.

உறைமேல் அவளுடைய கையெழுத்து முத்து முத்தாக இருந்தது: "அப்பா, வலி வந்தால் ஒன்று. பயப்படாமல் போடலாம்."