வலது மூலைப் புள்ளி

புதன்கிழமை காலை. பஸ் ஸ்டாண்டு கடையில் அப்போதுதான் பிரித்த கட்டிலிருந்து பத்திரிகையை உருவிப் புரட்டிய காசிநாதனுக்கு, படக்கதைப் பக்கம் வந்ததும் கை நின்றுவிட்டது.

கொலைகாரன் மாறிப்போயிருந்தான்.

பத்து வாரமாக ஓடுகிற கதை. கொலை விழும் இடத்திலெல்லாம் இருட்டில் ஒரு சிவப்பு முண்டாசு மட்டும் தெரியும், முகம் தெரியாது. முகம் தெரியவேண்டிய வாரம் இது. முழுப்பக்கப் படம். ஜமீன் வாசலுக்கு இந்தப் பக்கம் கணக்குப்பிள்ளை, அந்தப் பக்கம் காவல்காரன். இருவர் தலையிலும் முண்டாசு. கணக்குப்பிள்ளையின் தலையில் ஏறவேண்டிய சிவப்பு, காவல்காரன் தலையில் ஜம்மென்று உட்கார்ந்திருந்தது.

காரணம் புரிய அரை நிமிஷம் ஆகவில்லை. மெட்ராஸ் ஓவியர் அனுப்பும் கோட்டுப் படத்தின்மேல் டிரேசிங் தாளை விரித்து, சிவப்பு விழவேண்டிய இடத்தைக் கறுப்பு மையால் நிரப்பி அனுப்புவது அவன் வேலை. சிவப்பை அச்சகம் பார்த்துக்கொள்ளும். படத்தோடு பொருத்த நாலு பக்கமும் கூட்டல் குறி. தாளின் எந்த முகம் மேலே இருக்கவேண்டும் என்று காட்ட வலது மூலையில் ஒரு புள்ளி. தாளைப் புரட்டிப் போட்டாலும் கூட்டல் குறிகள் பொருந்திவிடும். புள்ளிதான் காவல். கருட சேவைக் கூட்டத்தில் பஸ் கிடைக்காதே என்று ஓடிய அவசரத்தில், இந்த வாரத் தாளில் அந்தப் புள்ளியை வைக்காமல் விட்டிருந்தான். அச்சகத்தில் தாள் புரண்டுவிட்டது.

வேறு காவல்காரனாக இருந்தால் போகட்டும் என்று விட்டிருப்பான். அந்த முகம் அவனுடைய அக்காள் புருஷன் சின்னப்பையனுடையது. காந்தி ரோட்டுப் பட்டுக்கடை ஒன்றில் வாசல் காவல். காசிநாதன் காட்டிய போட்டோவில் அவர் மீசையைப் பார்த்துச் சொக்கிப்போன ஓவியர் அப்படியே வரைந்துவிட்டார். பத்து வாரமாக மனுஷன் பத்திரிகையை இடுப்பில் செருகிக்கொண்டு, புடவை எடுக்க வந்தவர்களிடமெல்லாம் காட்டிக்கொண்டிருந்தார்.

கட்டு முழுவதையும் வாங்கிவிடலாமா என்று ஒரு கணம் தோன்றியது. சின்னக் காஞ்சிபுரத்துக் கட்டு ஏற்கெனவே சைக்கிளில் ஏறிப் போயிருந்தது.

அன்று சாயங்காலமே பள்ளிக்கூடத்துப் பிள்ளைகள் கொலைகாரனைப் பார்க்கப் பட்டுக்கடை எதிரில் கூடிவிட்டார்கள். மறுநாள் முகூர்த்தப் புடவைக்கு வந்த ஒரு குடும்பம் படியேறாமலே அடுத்த கடைக்குப் போயிற்று. முதலாளி சிரித்தபடிதான் சொன்னாராம், கொஞ்ச நாள் பின்பக்கக் குடோனில் இருக்கும்படி.

அதன்பிறகுதான் சின்னப்பையன் காசிநாதனைத் தேடி வந்தார். மீசை இல்லை. வழித்திருந்தார்.

“இருவத்திரண்டு வருசமா அந்த வாசல்ல நின்னுக்கினு இருந்தேன்பா,” என்றார். “அடுத்த வாரம் நான் இல்லேன்னு போட்டுடுவியா?”

“போட்டுடறேன் மாமா.”

விடிந்ததும் மெட்ராஸ் பஸ் ஏறினான். பத்திரிகை ஆசிரியர் அவனைத் திட்டவில்லை. அதுதான் பயமாக இருந்தது. மேஜைமேல் வாசகர்கள் எழுதிய கார்டுகளைக் குவித்துக் காட்டினார். கணக்குப்பிள்ளைதான் ஆள் என்று எல்லாரும் முன்னமே ஊகித்துவிட்டார்களாம். காவல்காரனை ஒருத்தரும் நினைக்கவில்லையாம்.

“இனிமே அவன்தான்யா கொலைகாரன். இன்னும் ஆறு வாரம் தாங்கும்.”

அது யார் முகம் என்று காசிநாதன் சொன்னான். நல்ல முகம் என்றார் ஆசிரியர். ஒரே ஒரு வரி திருத்தம் போடுங்கள் என்று கெஞ்சினான். மனசு கேட்கவில்லையென்றால் தாளை வேறு ஆளிடம் கொடுத்துவிடுவதாகச் சொல்லிவிட்டு, ஆசிரியர் டெலிபோனைக் கையில் எடுத்தார்.

அடுத்த படம் தபாலில் வந்தது. முழுப்பக்கத்துக்கும் சின்னப்பையன். வழித்த மீசை முறுக்கிக்கொண்டு நின்றது, கையில் கத்தி.

காசிநாதன் முண்டாசை நிரப்பி முடித்து, படத்தைக் கவிழ்த்து வைத்த நேரம் அக்காள் பொன்னியம்மாள் வாசலில் வந்து நின்றாள்.

“அவரு கேட்டுக்கினு வரச் சொன்னாரு. போட்டுட்டியா?”

அவள் தாளை எட்டிப் பார்த்தாள். நடுவில் ஒரு கறுப்புத் திட்டு. சிவப்பு எங்குமே இல்லை.

“அப்பாடா,” என்று சொல்லிவிட்டுச் செவிலிமேட்டு பஸ்ஸுக்கு நடந்தாள்.

அவள் தெருமுனை திரும்பும்வரை காசிநாதன் பார்த்துக்கொண்டிருந்தான். பிறகு பேனாவை மையில் தொட்டு, வலது மூலையில் புள்ளி வைத்தான்.