நடுவில் இருந்த நட்சத்திரம்

2008 பொங்கல் விடுமுறை முழுவதும் வசுமதியும் அவள் கணவன் சீனுவும் ஒரு கேமராவுக்காகச் சண்டை போட்டார்கள்.

வசுமதி செங்கல்பட்டில் இயற்பியல் ஆசிரியை. சீனுவுக்குக் கல்பாக்கத்தில் வேலை, அணுபுரத்தில் வீடு. டெலஸ்கோப் வழியாக வானத்தைப் படம் பிடிப்பது அவளுடைய பித்து. அவன் சாமான் தூக்குவான், லேப்டாப்பைப் பார்த்துக்கொள்வான்.

வானம் சுழல்வதற்கு ஈடாக டெலஸ்கோப்பை ஒரு மோட்டார் திருப்பிக்கொண்டே இருக்கும். ஆனாலும் கொஞ்சம் பிசகும். அதனால் பக்கத்தில் இன்னொரு சின்னக் குழாயைக் கட்டி, அதன் குறுக்குக்கோட்டில் ஒரு நட்சத்திரத்தை நிறுத்தி, அது நகரும்போதெல்லாம் பொத்தானை அழுத்தித் திரும்பக் கொண்டுவர வேண்டும். கண்ணை எடுக்காமல் அவள் இதைச் செய்வாள். ஆனால் தீபாவளிக்குப் பிறகு எடுத்த படங்களில் எல்லாம் நட்சத்திரங்கள் கோடுகளாக இழுபட்டிருந்தன. பல்சக்கரம் தேய்ந்துவிட்டது என்றாள்.

"கண்ணுக்குப் பதிலா கைடு கேமரா வச்சிடலாம்" என்றான் சீனு. "நட்சத்திரம் நகர்ந்தா கம்ப்யூட்டரே மோட்டாரைத் திருத்திடும்."

அவள் உடனே சரி என்றதே அவனுக்கு ஆச்சரியம். எந்தக் கேமரா என்பதில்தான் தகராறு. மங்கலான நட்சத்திரத்தையும் பிடிக்கிற கறுப்பு வெள்ளைக் கேமரா வேண்டும் என்றான் அவன், அது வெளிநாட்டிலிருந்து வர வேண்டும். வசுமதி வீட்டிலிருந்த வெப்கேமின் லென்ஸைக் கழற்றி அதையே மாட்டலாம் என்றாள்.

"அதுல பெரிய நட்சத்திரம் மட்டும்தான் தெரியும். அதையும் தேடித் தேடி நடுவுல கொண்டுவரணும்."

"நான் கொண்டுவரேன்."

"மார்ச்சுக்குள்ள நல்லதே வந்துடும். காத்திருந்தா என்ன?"

"முடியாது. ஓரியன் நெபுலாவை இந்த மாசமே எடுத்தாகணும்."

அவள் குரல் உடைந்த மாதிரி இருந்தது. சீனு விட்டுக்கொடுத்து, வெப்கேமின் லென்ஸைக் கழற்றிக் கொடுத்தான்.

அந்தச் சனிக்கிழமை மாலை மாமல்லபுரத்துக்குத் தெற்கே, தெரிந்தவருடைய சவுக்குத் தோப்புக்குப் போனார்கள். அவர்களுடைய வேனை ஓட்டியது அவள். சீனுவுக்கு ஓட்டத் தெரியாது. கிழக்குக் கடற்கரைச் சாலையில் முன்னால் போன சைக்கிள்காரரை நெருங்கிய பிறகுதான் பிரேக் போட்டாள். அந்த ஆள் திரும்பித் திட்டினார். இவள் ஸ்டியரிங்கை இறுகப் பிடித்திருந்தாள்.

இருட்டியதும் ஓரியன் நட்சத்திரக் கூட்டம் கிழக்கே ஏறி நின்றது, அதற்குள் நெபுலா என்கிற ஒளிரும் வாயுப்படலம். குறுக்குக்கோட்டில் நட்சத்திரத்தை நிறுத்திவிட்டு, கண் வைத்துப் பார்க்கும் ஐபீஸை உருவி அதே இடத்தில் வெப்கேமைச் செருகினாள். லேப்டாப்பில் சாம்பல் நிறம் மட்டும் தெரிந்தது. திரும்ப ஐபீஸ், திரும்ப வெப்கேம். எத்தனை தடவை மாற்றியும் திரை காலியாகவே இருந்தது.

"குழாய்க்குள்ள நட்சத்திரமே இல்ல" என்றாள். "மேகம் வந்துடுச்சு."

சீனு அண்ணாந்து பார்த்தான். மேகம் எங்கேயும் இல்லை. அவளை நகரச் சொல்லிவிட்டு ஐபீஸில் கண்ணை வைத்தான். குறுக்குக்கோட்டின் சரியான நடுவில் அந்த நட்சத்திரம் பளிச்சென்று எரிந்துகொண்டிருந்தது.

"வசு, நடுவுலதானே இருக்கு. வெப்கேம்லதான் ஃபோகஸ் சரியில்ல."

அவள் மறுபடி குனிந்து ஐபீஸில் பார்த்தாள்.

"உனக்குத் தெரியலையா?"

"ஓரத்துல வர்ற வரைக்கும் தெரியுது. நடுவுக்கு வந்ததும் காணாமப் போயிடுது." மணலில் உட்கார்ந்துவிட்டாள். "வலது கண்ணுல தீபாவளி சமயத்துலேர்ந்து சாம்பல் பொட்டு மாதிரி ஒண்ணு. எதை நேரா பார்த்தாலும் அதை மறைச்சுடுது. போன வாரம் இடது கண்ணுலயும் ஆரம்பிச்சிருக்கு. முழுசா போறதுக்குள்ள இந்த ஒரு படத்தையாவது எடுத்துடணும்னு நினைச்சேன்."

சீனுவுக்கு அந்தச் சைக்கிள்காரரின் முகம் நினைவுக்கு வந்தது. தினமும் அவள் செங்கல்பட்டுக்கு வேன் ஓட்டிப் போனதும் நினைவுக்கு வந்தது.

"டாக்டர்கிட்ட ஏன் போகல?"

"போனா சொல்லிடுவாங்களே" என்றாள்.

"சாவியைக் கொடு."

"உங்களுக்கு ஓட்டத் தெரியாது."

"உனக்கும் இப்போ தெரியாது. கொடு."

அவள் கொடுக்கவில்லை. அவன் கையை நீட்டியபடியே நின்றான். கடைசியில் சாவியை அவன் உள்ளங்கையில் வைத்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். சீனு அலுவலக நண்பன் ஜெபகுமாரைப் போனில் கூப்பிட்டான். அவன் ஆட்டோ பிடித்து வந்து, ஒன்றும் கேட்காமல் வேனை ஓட்டி அவர்களை வீட்டில் விட்டான்.

திங்கட்கிழமை சென்னையில் கண் டாக்டர் விழித்திரைக்கு அடியில் நீர் கோத்திருப்பதாகச் சொன்னார். வீசிங்குக்காக அவள் தானாகவே வாங்கிச் சாப்பிட்டுவந்த ஸ்டீராய்டு மாத்திரை காரணமாக இருக்கலாம் என்று அதை மாற்றிக் கொடுத்தார். இடது கண் தெளிந்துவிடும் என்று நம்பினார். வலது கண்ணைப் பற்றி உறுதியாக எதுவும் சொல்லவில்லை. வண்டியைத் தொடவே கூடாது என்றார்.

கறுப்பு வெள்ளைக் கேமராவைத் தருவிக்கச் சொன்னது வசுமதிதான். மார்ச்சில் அது வந்தது. அதற்குள் இடது கண்ணில் பொட்டு பாதியாகச் சுருங்கியிருந்தது, எழுத்துகள் மட்டும் இன்னும் நெளிந்தன. ஜெபகுமார் வேனை ஓட்ட, அதே தோப்புக்குப் போனார்கள். அவள் விரலால் தடவியே கேமராவை மாட்டித் திருகுகளை இறுக்கினாள். எந்த நட்சத்திரத்தையும் தேட வேண்டியிருக்கவில்லை. திரையில் நாலைந்து தானாகவே தெரிந்தன. சீனு ஒன்றைத் தேர்ந்தெடுத்தான். மோட்டாரை அசைத்தால் நட்சத்திரம் எந்தப் பக்கம் போகிறது என்று முதலில் கம்ப்யூட்டர் கற்றுக்கொள்ள வேண்டும்.

"நகரவே இல்ல வசு."

அவள் கேமராவிலிருந்து ஒயரைப் பிடித்துக்கொண்டே போனாள். மோட்டார் பெட்டியில் அது பாதிதான் செருகியிருந்தது. அழுத்தினாள்.

"இப்போ?"

"போகுது. போகுது."

முதல் படம் முடியும் வரை மூன்று பேரும் அசையாமல் உட்கார்ந்திருந்தார்கள். படம் திரைக்கு வந்ததும் வசுமதி குனிந்து பார்த்தாள். நெபுலா பஞ்சு மாதிரித் தெரிந்தது. அதில் நட்சத்திரப் புள்ளிகளின் வடிவம் அவளுக்குப் பிடிபடவில்லை.

"நட்சத்திரமெல்லாம் வட்டமா இருக்கா?"

ஆமாம் என்று மட்டும் சொல்லிவிடலாம் போலிருந்தது சீனுவுக்கு. அவளால் சரிபார்க்க முடியாது.

"நடுவுல வட்டம்" என்றான். "மூலைகள்ல கொஞ்சம் இழுத்திருக்கு."

வசுமதி நிமிர்ந்தாள்.

"அப்போ கைடிங் சரியா வேலை செய்யுது. நாமதான் டெலஸ்கோப் சுத்துற அச்சைத் துருவ நட்சத்திரத்துக்கு நேரா வைக்கல, அதான் மூலை இழுக்குது" என்றாள். "ஜெபகுமார், அந்த டார்ச்சை எடுங்க. எல்லாத்தையும் கலைச்சிட்டு மறுபடி வைப்போம்."