யக்காவுக்கு உயிர் அறுபது

அந்தப் பேய்க்கு வேறு பெயரே கிடைக்கவில்லையா என்று ஸக்கரியாவை இன்றைக்கும் திட்டுகிறேன். உக்குவளைக்காரன், என் தம்பி வீரசிங்கத்தின் கூட்டாளி. 2008இல் இந்த இரண்டு எருமைகளும் ஞாயிறு முழுக்க மாத்தளையில் என் வீட்டு மேசையில் பகடை உருட்டிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் வீரனாம், மற்றவன் கதை சொல்பவனாம். காட்டுக்குள் போவார்கள், பூதங்களோடு சண்டை போடுவார்கள், எல்லாம் வாயாலேயே. எந்தப் பூதத்துக்கு எத்தனை உயிர், அது என்ன செய்யும் என்பதைத் தம்பி கொப்பியில் எழுதி வைப்பான்.

ஸக்கரியா அதில் ஒரு பழிவாங்கும் பேயைக் கொண்டுவந்தான். சிங்களத்தில் பேயை யகா என்பார்கள். தமிழில் ஒற்றை 'க' போட்டால் அழுத்தம் வராது என்று 'யக்கா' என்று எழுதச் சொன்னான். அவன் வீட்டில் கூடப் பிறந்த மூத்தவளை லாத்தா என்பார்கள், அதனால் அவனுக்கு உறைக்கவில்லை. தேயிலைத் தோட்டத்தில் பிறந்த என் தம்பிக்காவது உறைத்திருக்க வேண்டாமா?

அந்தப் பெப்ரவரியில் பஸ்ஸில் குண்டு வெடித்து சனங்கள் நடுங்கிக்கொண்டிருந்தார்கள். சோதனைச் சாவடியில் தம்பியின் பையைக் கொட்டினார்கள். கொப்பி விழுந்தது. வாசித்துச் சிங்களத்தில் சொல்ல நடராஜா வந்தார். அவரும் தோட்டத்துப் பிள்ளைதான், பொலிசில் சேர்ந்தவர்.

'யக்கா லேசில் சாகாது. அடித்தவனைத் தேடி வரும். வெள்ளிக்கிழமை சந்தைக்கு வரும். நெருப்பாக வெடிக்கும். பத்துப் பேர் சாவார்கள்.'

எங்கள் ஆட்கள் அக்காவை யக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். அக்கா வரும், அக்கா போகும் என்றுதான் பேசுவார்கள். நடராஜாவும் அப்படி வளர்ந்தவர். ஒரு நொடிகூட யோசிக்காமல் சிங்களத்திலும் அக்கா என்றே சொல்லிவிட்டார். அந்தச் சொல் இரண்டு மொழிக்கும் பொது. குண்டு கட்டிக்கொண்டு வரப்போகும் புலிப் பெண் என்று நினைத்து, தம்பியையும் கூட வந்த ஸக்கரியாவையும் பொலிசுக்கு இழுத்துப் போனார்கள்.

ஸக்கரியாவை மட்டும் விட்டுவிட்டார்கள். என் வாசலுக்கு ஓடி வந்தான்.

"லாத்தா, அக்கா எங்கன்னு கேட்டு அவன அடிக்கிறாங்க."

"பேய்னு சொன்னா என்னடா?"

"சொன்னான். கத கட்டுறியான்னு இன்னும் அடிச்சாங்க. எனக்கு அக்காவே இல்லன்னுட்டான். நீங்க கண்டிப் பக்கம் எங்கயாச்சும் போயிருங்க."

அவனை அப்படியே விட்டுவிட்டுப் போக என்னால் முடியுமா? ஸக்கரியா அந்தப் பேயை எடுத்த விளையாட்டுப் புத்தகத்தை வாங்கிக்கொண்டு பொலிசுக்குப் போனேன். என் அடையாள அட்டையில் அப்பா பெயர் இல்லாமல் புருஷன் பெயர் இருந்தது நல்லதாகப் போயிற்று. அவனுக்குப் படிப்பித்த டீச்சர் என்று இன்ஸ்பெக்டரிடம் சிங்களத்தில் பொய் சொன்னேன்.

"மாத்தயா, மொழிபெயர்க்க வேண்டாம். எழுதியிருப்பதை அப்படியே வாசிக்கச் சொல்லுங்கள்."

நடராஜா வாசித்தார். "யக்கா..."

இன்ஸ்பெக்டர் நிமிர்ந்தார். "என்னது, யகாவா?"

புத்தகத்தை விரித்தேன். கொம்பும் வாலும் கையில் சங்கிலியுமாக ஒரு பேய். பக்கத்தில் அதன் உயிர்க் கணக்கு, அறுபது. கொப்பியிலும் அறுபது. அவர் இரண்டையும் பார்த்துவிட்டு வயிறு குலுங்கச் சிரித்தார். நடராஜாவுக்கு முகம் வெளுத்துவிட்டது.

"எங்க வீட்லயும் அப்படித்தான் கூப்பிடுவோம், டீச்சர்" என்று முணுமுணுத்தார்.

தம்பியை இரண்டு பேர் தாங்கிப் பிடித்துக் கூட்டி வந்தார்கள். ஒரு கண் வீங்கி மூடியிருந்தது. அத்தனை அடிக்கும் அக்கா இல்லை என்றே சாதித்தவன். வாயைத் திறக்காதே சாமி, வாயைத் திறக்காதே என்று உள்ளுக்குள் கெஞ்சினேன். அவன் என்னைக் கண்டான்.

"யக்கா!" என்று கதறினான்.

இன்ஸ்பெக்டரின் சிரிப்பு நின்றது. நடராஜாவைத் திரும்பிப் பார்த்தார்.

"இப்போது இவன் சொன்னது எது?"

நடராஜா என்னைப் பார்க்கவில்லை. "பேயைத்தான் சொல்கிறான், சேர். அடிபட்டதில் புத்தி குழம்பிவிட்டது."

இன்ஸ்பெக்டர் என் முகத்தையும் தம்பியின் முகத்தையும் மாறி மாறிப் பார்த்தார். மேசையில் கிடந்த என் அடையாள அட்டையை எடுத்துத் தன் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"கூட்டிக்கொண்டு போ, டீச்சர்" என்றார். "உன் வீட்டு விலாசம் என்னிடம் இருக்கிறது."