மறந்து தின்ற நோன்பு

பர்தா விற்கும் அபாயா கடையில் காலையிலிருந்து நின்று களைத்த காலோடு நஸீரா ரோலாவிலிருந்த தன் ஃப்ளாட்டின் கதவைத் திறந்தாள். மகள் ஹிஃப்ஸா ஃப்ரிட்ஜ் முன்னால் நின்று கேக் தின்றுகொண்டிருந்தாள். நோன்பு நாள். மாலைத் தொழுகைக்கான அஸர் பாங்கு கூட இன்னும் சொல்லவில்லை.

"அல்லாவே!" என்று வாயிலிருந்ததைக் கையில் துப்பினாள் ஹிஃப்ஸா. "மறந்துட்டேன் உம்மா. சத்தியமா."

மறந்து தின்றால் நோன்பு முறியாது. சின்ன வயதில் அந்தச் சலுகையை அனுபவிக்காதவர் யார்? ஆனால் ஒருத்தி நாலு நாளைக்கு ஒருமுறை மறந்தால், அதுவும் பதினைந்து வயதிலேயே உம்மாவின் சுரிதார் பற்றாத உடம்புக்காரி மறந்தால், எப்படி நம்புவது? நஸீரா நம்பவில்லை. அலுப்பில் கை நீண்டுவிட்டது. அறை வாங்கியும் "சத்தியமா உம்மா" என்றே அந்தப் பெண் சொன்னதில் எரிச்சல் இன்னும் கூடியது.

போன மாதம் கிளினிக்கில் டாக்டரம்மா பொறுமையாகத்தான் சொன்னார். இது ஏடிஹெச்டி, கவனம் ஓரிடத்தில் நிற்காது. இப்படிப்பட்ட பிள்ளைகளில் சிலருக்குச் சாப்பாட்டிலும் அளவு பிடிபடாது, எடை ஏறும், திட்டினால் குறையாது. கார் கதவைச் சாத்தியதும் கணவர் ஈசா கதையை முடித்துவிட்டார். "தின்னுட்டு சோம்பிக் கிடக்குறதுக்கு இங்கிலீஷ்ல ஒரு பேரு. கலாஸ், விடு." நஸீராவுக்கும் அது வசதியாகத்தான் இருந்தது. இன்னொரு சுமையைத் தலையில் ஏற்ற அவளிடம் தெம்பில்லை.

அறை விழுந்த அன்றே நோன்பு திறக்க அஜ்மானிலிருந்து ஈசாவின் தங்கை ஆமிரா வந்திருந்தாள். ஈசா பள்ளிவாசலுக்குப் போய்விட்டார்.

"இத்தன நோன்பு வெச்சும் பிள்ளைக்கு ஒரு சுத்து கொறையலியே மதினி?"

நஸீரா, காய்ந்த துணிகளை எடுத்து மடிக்கும்படி மகளை உள்ளே அனுப்பினாள். சற்று நேரத்தில் நோன்பு திறக்கும் பாங்கு கேட்டது. பேரீச்சம்பழம், கஞ்சி, சமோசா எல்லாம் ஆயிற்று. ஹிஃப்ஸா வரவில்லை.

"மத்தியானமே நோன்பு திறந்துட்டா போல!" என்று ஆமிரா சிரித்தாள். நஸீராவும் அப்படித்தான் நினைத்தாள். கூப்பிடவில்லை.

மஃரிப் தொழுதுவிட்டு அறைக்குள் போனபோது, ஹிஃப்ஸா தரையில் உட்கார்ந்திருந்தாள். வீட்டிலுள்ள முக்காட்டுத் துணிகளையெல்லாம் இழுத்துப் போட்டு, நிறம் பார்த்து வரிசையாக அடுக்கிக்கொண்டிருந்தாள். உதடு வறண்டு வெடித்திருந்தது.

"பாங்கு சொல்லப் போறாங்களா உம்மா? ஒன் மினிட், வந்துட்டேன்."

"சொல்லி அரை மணி நேரமாச்சே... உனக்குக் கேக்கலியா?"

ஹிஃப்ஸா திடுக்கிட்டு ஜன்னலைப் பார்த்தாள். வெளியே இருட்டியிருந்தது. அவள் முகம் வெளிறிப்போயிற்று. கை தானாகவே கன்னத்துக்குப் போனது.

"திறக்க மறந்தாலும் அடிப்பியா உம்மா?"

நஸீரா ஓடிப்போய்த் தண்ணீர் கொண்டுவந்து, மகள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்து, டம்ளரை அவள் வாயில் வைத்தாள். ஹிஃப்ஸா மடமடவென்று குடித்தாள். அவள் குடித்து முடிப்பதற்குள் நஸீரா அழ ஆரம்பித்திருந்தாள்.