சிவப்பில் ஒரு பெயர்

சிவந்த எழுத்துகள் ஒவ்வொன்றாக விரிகின்றன, மஞ்சள் பின்னணியில், முதலில் சொங், பிறகு மான், பிறகு சிக், சுருட்டியிருந்த ஃப்ளெக்ஸின் ஒரு முனையைக் கோதண்டம் அண்ணன் பிடித்திருக்க, மறுமுனையைப் பிடித்தவர்கள் கேன்டீன் சுவரோரம் பின்னால் நடக்க நடக்க, தமிழ்ப் பெயருக்குக் கீழே நான் எழுதிக்கொடுத்த கொரிய எழுத்துகளும் வருகின்றன, அவையும் சிவப்பு, அரை ஆள் உயரச் சிவப்பு, எல்லோரும் கை தட்டுகிறார்கள், இரவு ஷிப்ட் முடிந்தும் வீட்டுக்குப் போகாமல் இதைப் பார்க்கவே காத்திருந்தவர்கள், நானும் தட்டுகிறேன், தட்டிக்கொண்டிருந்த என் கைகள் நின்றுவிட்டன, எனக்குப் புரிவதற்கு முன்பே கைகளுக்குப் புரிந்துவிட்டது போல, உயிரோடு இருப்பவர் பெயரைச் சிவப்பில் எழுதக் கூடாது, கொரியாவில் அது இறந்தவர்களுக்கான நிறம் என்று ஒரு நம்பிக்கை, இளையவர்கள் சிரித்துக்கொண்டே கடைப்பிடிப்பார்கள், வயதானவர்கள் சிரிக்க மாட்டார்கள், இப்போது மணி பத்தே கால், பதினொரு மணிக்கு எங்கள் நிறுவனத் தலைவர் சொங் மான்-சிக் தன் அறுபது வயது நிறைவுக்காக இந்தக் கதவு வழியாக வருவார், மனைவியோடும், இதற்காகவே விமானம் ஏறி வந்திருக்கும் எண்பத்து நான்கு வயதுத் தாயோடும், தன் மகன் அறுபதைத் தாண்டுவதைக் கண்ணால் பார்க்க வேண்டும் என்பதுதான் அந்த அம்மாவின் ஒரே பிடிவாதம், ஏனென்றால் அவள் கணவர் ஐம்பத்தொன்பதாம் வயதில் போய்விட்டார், இதை எனக்குச் சொன்னவர் தலைவரேதான், காரில், ஜன்னலைப் பார்த்தபடி, எங்கள் ஊரில் இப்போது யாரும் அறுபதைக் கொண்டாடுவதில்லை, அம்மாவுக்காகத்தான், என்று.

நான் இங்கே மொழிபெயர்ப்பாளர், ஒரகடத்தில் கார் இருக்கைகளுக்கு உறை தைக்கும் தொழிற்சாலையில், எட்டு வருடமாக, சேர்ந்த முதல் வாரமே அலுவலக மேசைகளிலிருந்த சிவப்புப் பேனாக்களையெல்லாம் பொறுக்கி என் இழுப்பறையில் போட்டுப் பூட்டியவள், வருகைப் பதிவேட்டில் வராதவர்கள் பெயரைச் சிவப்பில் சுழிக்காதீர்கள், கொரியர்கள் பார்த்தால் பதறிப்போவார்கள் என்று எச்.ஆருக்கு வகுப்பு எடுத்தவள், என் பெயரைக்கூட எட்டு வருடமாக நான் சிவப்பில் எழுதியதில்லை, அப்படிப்பட்ட நான் சனிக்கிழமை மத்தியானம் கோதண்டம் அண்ணன் செல்போனில் அனுப்பிய மாதிரிப் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தேன், கொரிய எழுத்தில் ஒரு கோடு கூடக் குறையவில்லையே என்று சரிபார்த்தேன், அழகா இருக்குண்ணா, அப்படியே அடிக்கச் சொல்லுங்க என்று பதில் போட்டேன், நிறம் கண்ணில் படவே இல்லை, இல்லை, பட்டது, கல்யாணப் பத்திரிகை மாதிரி பட்டது, அக்காவின் பத்திரிகை, நான்கு முனையிலும் மஞ்சள் தடவி, உள்ளே அக்கா பெயரும் மாமா பெயரும் சிவப்பில், அச்சகத்தில் அப்பா அதை மூக்கருகே வைத்து மை வாசனை பிடித்தது, இதைவிட ஒரு பெயருக்கு வேறென்ன மரியாதை இருக்கிறது என்றுதான் என் கண் நினைத்திருக்கும், மறந்ததா, நினைவுக்கு வந்ததா, எது நடந்தது எனக்குள் என்று தெரியவில்லை, இன்று காலை கம்பெனி பஸ்ஸில் கண்ணயர்ந்தபோது ஒரு நீளமான சுவர் வந்தது, அதில் வரிசையாகப் பெயர்கள், அப்பா பெயர், அக்கா பெயர், எல்லாம் கொரிய எழுத்தில், எல்லாம் சிவப்பு, முகம் தெரியாத ஒருத்தி ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைத்துக்கொண்டே வருகிறாள், அடுத்தது என் பெயர், துடைக்காதீங்க என்று கத்த வாய் திறக்கிறேன், எந்த மொழியில் கத்துவது என்று தெரியாமல் நிற்கிறேன், வாலாஜாபாத் நிறுத்தத்தில் யாரோ கதவைத் தட்ட விழித்துக்கொண்டேன்.

காஞ்சிபுரத்தில் கல்லூரி விடுதியில் நாங்கள் நான்கு பேர் ஒரே செல்போனில் தலைகளை ஒட்டவைத்துக்கொண்டு கொரியத் தொடர் பார்த்தோம், மற்ற மூவரும் கதாநாயகனைப் பார்த்தார்கள், நான் கடைப் பலகைகளைப் பார்த்தேன், அந்த வட்டங்களும் கோடுகளும் என்ன சொல்கின்றன என்று, நூடுல்ஸ் உறையை வைத்துக்கொண்டே எழுத்துக் கூட்டப் பழகினேன், அப்புறம் அந்த மொழியே எனக்குச் சோறு போட்டது, தயிர் சாதத்துக்குக் கிம்ச்சி தொட்டுக்கொள்வேன், அம்மா மூக்கைப் பொத்திக்கொண்டு, இன்னாடி இது, ஊசிப்போன கோஸு, நாரத்தங்கா கசந்துபோச்சா உனக்கு என்பாள், கசக்கலம்மா, ரெண்டும் வேணும், என்பேன், ரெண்டும் வேணும் என்பதை நான் எத்தனை பேரிடம் எத்தனை விதமாகச் சொல்லியிருக்கிறேன், கொரியாவில் உல்சான் நகரத்துக்கு மூன்று மாதப் பயிற்சிக்குப் போனபோது உடன் வந்தவர்களெல்லாம் அவர்கள் நாக்குக்கு வசதியாக ஆளுக்கொரு கொரியப் பெயர் வைத்துக்கொண்டார்கள், நான் மாட்டேன் என்றுவிட்டேன், என் பெயரில் ஒரு ழகரம் இருக்கிறது, பயிற்சி கொடுத்தவரை நாக்கை மடிக்கச் சொல்லி நாள்தோறும் காலையில் சொல்லவைத்தேன், கடைசி நாளில் அவருக்கு ஏறக்குறைய வந்துவிட்டது, அன்று எனக்கு இருந்த பெருமையை யாரிடம் சொல்ல, இங்கேயோ தையல் பிரிவில் என் பெயர் கொரியாக்காரி.

அந்தப் பெயர் வந்த நாள் தெரியும், போன பொங்கலுக்கு முந்தின நாள், தையல் பிரிவு வாசலில் பவுனு அக்கா விடியற்காலையிலேயே வந்து இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டிருந்தாள், உத்திரமேரூரிலிருந்து வருகிறவள், வாய் கத்தரிக்கோல், கை அதைவிடக் கூர்மை, பாதுகாப்புப் பிரிவின் கொரிய மேலாளர் வந்து பார்த்தார், கோலப்பொடியில் யாராவது வழுக்கி விழுவார்கள், உடனே சுத்தம் செய்யச் சொல் என்றார், அவர் சொன்னதில் கோபம்கூட இல்லை, விதி, நான் அப்படியே தமிழில் சொன்னேன், ஒரு சொல் கூட்டவில்லை, குறைக்கவில்லை, என் தொழில் அதுதான், பவுனு அக்கா என்னையே பார்த்துக்கொண்டு வாளியை எடுத்து வந்தாள், தான் போட்டதைத் தானே கழுவினாள், கழுவி முடித்து என்னைக் கொரியாக்காரி என்றாள், அப்போதும் கோதண்டம் அண்ணன்தான் எல்லோரையும் சிரிக்கவைத்தார், அவர் தையல் பிரிவின் லைன் லீடர், கொரியர்கள் எதற்கெடுத்தாலும் பல்லி பல்லி என்பார்கள், சீக்கிரம் சீக்கிரம் என்று அர்த்தம், இவர் காலை ஷிப்டில் நுழையும்போதே, இன்னிக்கிப் பல்லி யார் தலைல விழுந்துச்சு, என்று கேட்பார், தலையில் பல்லி விழுந்தால் சாவு என்று நம்மிடம் ஒரு பயம் இருக்கிறதே, அதற்கு அவரே பதிலும் சொல்வார், கவலப்படாதீங்க, காஞ்சிபுரம் பெருமாள் கோயில்ல தங்கப் பல்லியத் தொட்டா எல்லாம் போயிடும். கொரியர்களும் அப்பாவை அப்பா என்றுதான் சொல்கிறார்கள், அதனால் கொரியாவே நம்மிடமிருந்து போனதுதான் என்று வாதாடுவார், சொல் ஒன்று போலிருந்தால் மொழி ஒன்றாகிவிடாதுண்ணா என்று நான் சொன்னால், நீ சும்மா இரும்மா, சம்மந்தி வூட்டு ஆளு மாதிரி பேசாத, என்பார், இந்த அறுபதாம் கல்யாணமும் அவர் யோசனைதான், பெரிய கொரியா சாருக்கு அறுபதாமே, வுட்ருவோமா, நம்ம முறைல மாலை மாத்த வெச்சிடணும்.

இப்போது பத்து இருபத்தைந்து, நான் அவர் முழங்கையைத் தொடுகிறேன், அண்ணா, கொஞ்சம் ஓரமா வாங்க, ஃப்ளெக்ஸைக் கழட்டிடலாமா, ஏம்மா, எழுத்துப் பிழையா, பிழை இல்லண்ணா, செவப்பு, என்று தொடங்கி எல்லாவற்றையும் சொல்லிவிடுகிறேன், இறந்தவர் நிறம், அந்த அம்மாவின் கணவர், ஐம்பத்தொன்பது, என் தப்புதான், நான்தான் சரின்னு சொன்னேன், அவர் முகத்தில் முதலில் சிரிப்பு மிச்சமிருக்கிறது, பிறகு அதுவும் போய்விடுகிறது, கோலத்த அழிக்கச் சொன்ன, அழிச்சோம், இப்ப எழுத்தயும் அழிக்கணுமா, ராத்திரி ஷிப்டு புள்ளைங்க தூங்காம கட்டிச்சிங்க, அதுங்ககிட்ட நீயே போய்ச் சொல்லு. சத்தம் ஏறுவதைக் கேட்டுப் பவுனு அக்கா கையில் மல்லிகைச் சரத்தோடு வருகிறாள், இன்னா, கொரியாக்காரிக்கு இன்னிக்கி இன்னா வழுக்குதாம், என்கிறாள், கோதண்டம் அண்ணன் சொல்லச் சொல்லக் கேட்கிறாள், நான் வாளிக்காகக் காத்திருக்கிறேன், வாளி வரவில்லை, அவள் சரத்தை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றிக்கொண்டு கேட்கிறாள், எட்டு வருசமா அவங்களுக்கு இது புடிக்காது, அது ஆகாதுன்னு எங்களுக்குச் சொல்லிக்கினே இருக்க, எங்களுக்கு இது புடிக்கும், இது நல்லதுன்னு என்னிக்காச்சும் அவங்களுக்குச் சொல்லி இருக்கியா. நான் யோசித்துப் பார்க்கிறேன், உண்மையாகவே யோசிக்கிறேன், அந்த மேலாளரிடம் இது குப்பை இல்லை சார், கோலம், என்று ஒரு வரி சொல்லியிருக்கலாம், பொங்கலுக்குப் பிறகு பத்து மாதம் போய்விட்டது, சொல்லவில்லை, உல்சானில் ஒரு ழகரத்துக்காக நாக்கை மடக்கவைத்தவள் இங்கே ஏன் சொல்லவில்லை, யாரும் கேட்கவில்லை, அதனால் சொல்லவில்லை, வயசான பொம்பள, பயந்துடுவாங்கக்கா, என்கிறேன், பயந்தா பக்கத்துல நில்லு, என்கிறாள் பவுனு அக்கா, சும்மா கயட்டிப் போட்டா பயம் போயிடுமா, நம்ம பல்லிக்கே பரிகாரம் இருக்குது, அவங்க செவப்புக்கு ஒண்ணும் இல்லியா.

இல்லை என்று சொல்ல வாயெடுத்தேன், சொல்லவில்லை, பத்து நாற்பது, அலுவலகத்துக்கு ஓடினேன், ஓடும்போது யாரோ என்னைப் பின்னாலிருந்து பார்ப்பது போல் இருந்தது, இழுப்பறையைத் திறந்தால் எட்டு வருடத்துச் சிவப்புப் பேனாக்கள், பாதி காய்ந்துபோனவை, அடியில் ஒரு தடித்த மார்க்கர், கிறுக்கிப் பார்த்தேன், அது மட்டும் எழுதியது, திரும்பி வந்து நாற்காலி மேல் ஏறுகிறேன், தலைவர் பெயருக்குக் கீழே மஞ்சள் காலியாக இருக்கிறது, இது வெறும் நிறம்தானே என்று மூளை சொல்கிறது, கை கேட்க மாட்டேன் என்கிறது, எட்டு வருடத்தில் அந்தப் பயம் எனக்கும் சொந்தமாகிவிட்டிருக்கிறது, கிம்ச்சியைப் போல, தொடர்களைப் போல, அதையும் நான் எடுத்துக்கொண்டிருக்கிறேன், கோதண்டம் அண்ணன் நாற்காலியைப் பிடித்துக்கொள்கிறார், இன்னாம்மா பண்ற, எழுதறேண்ணா, என் பேர, அவர் பேரு தனியா இருக்க வேணாம், வேணாம்மா, உனக்குத்தான் அது ஆகாதே, எனக்கு ரெண்டும் ஆகும்ணா, என்று சொல்லிவிட்டு முதலில் தமிழில் எழுதுகிறேன், பிறகு கொரிய எழுத்தில், ழகரத்துக்கு அங்கே எழுத்து இல்லை, இருப்பதை வைத்து எழுதுகிறேன், இறங்கும்போது கதவு திறக்கிறது, ஐந்து நிமிடம் முன்னதாகவே, அவர்கள் எப்போதும் ஐந்து நிமிடம் முன்னதாகவே வருவார்கள்.

தலைவர் தாயின் கையைப் பிடித்து அழைத்து வருகிறார், சாம்பல் நிறக் கம்பளிச் சட்டை, கைத்தடி, சின்ன உருவம், கைதட்டல் எழுகிறது, அவள் சிரித்துக்கொண்டே நிமிர்கிறாள், சிரிப்பு வாயோரத்திலேயே நின்றுவிடுகிறது, தலைவர் சுவரைப் பார்க்கிறார், பிறகு என்னைப் பார்க்கிறார், எட்டு வருடத்தில் அப்படி ஒரு பார்வை அவர் பார்த்ததில்லை, கைதட்டல் ஒரு பக்கம் ஓய்கிறது, மறுபக்கம் தெரியாமல் தொடர்கிறது, நான் முன்னே போய் இடுப்பு வளைய வணங்குகிறேன், ஒமொனிம், அம்மா, என்று தொடங்குகிறேன், யாரும் சொல்லாத ஒன்றை மொழிபெயர்ப்பது இதுதான் முதல் தடவை, இந்த நிறம் உங்கள் கண்ணுக்கு எப்படிப் படும் என்று எனக்குத் தெரியும், எங்கள் ஊரில் மணமக்கள் பெயரை இந்த நிறத்தில்தான் அச்சடிப்போம், அறுபது நிறைந்தவர் எங்களுக்கு மறுபடியும் மணமகன், இவர்கள் உங்கள் மகனுக்கு ஆயுள் கேட்டு எழுதியிருக்கிறார்கள், சொல்லாமல் விட்டது என் பிழை, எழுதியது பிழையில்லை, அதோ அவர் பெயருக்குக் கீழே இருப்பது என் பெயர், சற்றுமுன் நான்தான் எழுதினேன். அவள் கைத்தடியை ஊன்றிக்கொண்டு என் பெயரை எழுத்துக் கூட்டிப் படிக்கிறாள், உதடுகள் அசைகின்றன, நீ கல்யாணம் ஆனவளா, என்கிறாள், இல்லை என்கிறேன், அப்புறம் எதற்கு மணப்பெண் மாதிரி பெயர் எழுதிவைத்திருக்கிறாய் என்கிறாள், பின்னாலிருந்து பவுனு அக்கா, இன்னா சொல்லுது அந்த அம்மா, என்கிறாள், கல்யாணம் ஆயிடுச்சான்னு கேக்கறாங்க, என்கிறேன், கேன்டீன் முழுக்கச் சிரிக்கிறது, நல்லா கேளும்மா, நாங்க கேட்டா மூஞ்ச திருப்பிக்கிறா, என்று யாரோ கத்துகிறார்கள், கிழவி சிரிக்கவில்லை.

நாற்காலி போட்டார்கள், அதைச் சுவருக்கு முதுகு காட்டுமாறு திருப்பச் சொன்னாள், மகனிடம் தாழ்ந்த குரலில் ஏதோ சொன்னாள், எனக்குக் கேட்டது, நான் யாருக்கும் தமிழில் சொல்லவில்லை, உன் அப்பா பெயரை நான் அப்படிப் பார்த்திருக்கிறேன், என்றாள், பிறகு உட்கார்ந்து, கையை நீட்டி, என் மணிக்கட்டைப் பிடித்து, இவன் சாப்பிட்டு எழுந்திருக்கும் வரை நீ இங்கேயே நில், என்றாள், கோதண்டம் அண்ணன் மாலையை எடுத்துக் கொடுக்கிறார், தலைவர் தன் மனைவி கழுத்தில் எப்படிப் போடுவது என்று தெரியாமல் திணறுகிறார், தலைக்கு மேல, தலைக்கு மேல சார், என்று நூறு குரல்கள், இலையில் சோறு விழுகிறது, சாம்பார் விழுகிறது, அவர் முதல் கவளத்தை எடுக்கிறார், கிழவியின் விரல்கள் என் நாடி மேல் இருக்கின்றன, எண்ணுகிறாளா, வெறுமனே பிடித்திருக்கிறாளா, தெரியவில்லை, அவள் மகனையே பார்க்கிறாள், அவர் விழுங்குவதை, மறுபடி எடுப்பதை, நானும் பார்க்கிறேன், மேலே சிவப்பில் இரண்டு பெயர்கள், கீழே அவர் சாப்பிடுகிறார், நான் நிற்கிறேன், என் நாடி அவள் விரலுக்கடியில் அடித்துக்கொண்டே இருக்கிறது, வேகமாக, யாருக்கும் கேட்டுவிடும் போல.