லேபிள் நேராக வந்த நாள்

பிரிண்டர் தாளை உள்ளே இழுத்தபோது அவள் எட்டிப் பார்த்தாள். ஸ்டிக்கர் வீணாகாமல் இருக்க, முதலில் சாதாரண வெள்ளைத்தாளில்தான் அடித்துப் பார்த்தாள். அதை ஸ்டிக்கர் தாளின்மேல் பொருத்தி, இரண்டையும் சேர்த்து டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பார்த்தாள். மேல் வரிசைகளில் எழுத்துகள் கட்டத்துக்குள் அடக்கமாக உட்கார்ந்திருந்தன. கீழே போகப் போக நழுவி, கடைசி வரிசையில் ‘தரை கழுவும் திரவம்’ கோட்டைத் தாண்டித் தொங்கியது.

பிளைவுட் தடுப்புக்கு மேலே ஒரு தலை தெரிந்தது. பாட்டில்களுக்கு மூடி திருகுகிறவள். சுத்தம் செய்யும் திரவங்களைப் பாட்டிலில் அடைக்கும் அந்தக் கம்பெனியில் எல்லோருக்கும் அவள் மூடி அக்கா.

“என்ன தங்கச்சி, தாளுக்கு எக்ஸ்ரே எடுக்குறியா?”

“கட்டம் நழுவுதுக்கா.”

“நழுவட்டும். உன் வீட்டுக்காரர் காலையில உக்காந்தா சாப்பாட்டு நேரம் வரைக்கும் டொக்கு டொக்குன்னு தட்டிக்கிட்டே இருப்பார். அதனால என்ன, கம்பெனியை இழுத்தா மூடிட்டாங்க? மெதுவாவே செய்யேன்.”

அவள் சிரித்து வைத்தாள். நாள் முழுக்க நின்றுகொண்டு மூடி திருகுகிறவளுக்கு, உட்கார்ந்து வேலை பார்ப்பவள்மேல் கொஞ்சம் புகைச்சல் இருக்கத்தானே செய்யும் என்று நினைத்துக்கொண்டாள்.

அந்த நாற்காலி அவள் கணவனுடையது. காய்ச்சல் என்று படுத்தவன் எழுந்திருக்கவில்லை. துக்கம் விசாரிக்க வந்த மேனேஜர் செருப்பை மாட்டிக்கொண்டே சொன்னார்: “அவரோட சீட்லயே வந்து உக்காருங்கம்மா. கொஞ்ச நாள் பாப்போம். வேலை புடிபட்டா நிரந்தரம் பண்ணிடலாம்.” நிரந்தரம் என்றால் மாதச் சம்பளம். நோய் நொடி என்று படுத்தாலும் வருகிற சம்பளம். பள்ளிக்கூடம் போகும் மகளை வைத்துக்கொண்டிருந்த அவள், அந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் எழுந்து நின்றாள்.

நாற்காலியில் பழைய போர்வையை மடித்துத் தைத்த மெத்தை கிடந்தது. அவள் தைத்துக் கொடுத்ததுதான். அவன் ஒருக்களித்து உட்காருகிறவன், அதனால் இடப்பக்கம் பள்ளமாகியிருந்தது. முதல் நாள் உட்கார்ந்தபோது உடம்பு தானாக அந்தப் பக்கம் சாய்ந்தது.

நேற்றைய ஃபைலைத் திறந்து, ஒவ்வொரு கட்டமாகப் போய்த் தேதியையும் பேட்ச் நம்பரையும் மாற்றுவது அவன் வழக்கம். ஒரு தாளில் இருபத்துநான்கு கட்டம். அவளும் அப்படியே செய்துவந்தாள். போன வாரம் ஒரு கட்டத்தை மாற்ற மறந்துவிட்டாள். பழைய தேதியோடு ஒரு பாட்டில் கடைக்குப் போய், கடைக்காரர் பெட்டியோடு திருப்பி அனுப்பிவிட்டார். மேனேஜர் திட்டவில்லை. அந்தப் பாட்டிலைக் கொண்டுவந்து அவள் மேசைமேல் வைத்துவிட்டுப் போனார். திட்டியிருந்தாலே தேவலை என்று இருந்தது.

கல்யாணத்துக்கு முன்னால் ஜெராக்ஸ் கடையில் டைப் அடித்த கை அது. ஒரு தடவை அடித்தால் எல்லாக் கட்டத்திலும் விழுகிற மாதிரி அச்சு ஒன்று செய்து வைக்கலாம் என்று அவளுக்கு மங்கலாக ஞாபகம் இருந்தது. சாப்பாட்டு நேரத்தில் டப்பாவை மடியில் வைத்தபடி ஒவ்வொரு பட்டனாக அமுக்கிப் பார்த்தாள். அளவுகோலை வைத்து ஸ்டிக்கரின் உயரத்தையும் நடுவில் விட்ட இடைவெளியையும் அளந்தாள். இடைவெளியில்தான் கோளாறு. ஒரு மயிரிழை கூடுதலாகக் கொடுத்திருந்தாள், அது வரிசைக்கு வரிசை சேர்ந்து வளர்ந்திருந்தது. திருத்தி அடித்து, மறுபடி வெளிச்சத்தில் தூக்கிப் பார்த்தாள். கடைசி வரிசை வரை எழுத்து அசையாமல் நின்றது. மேனேஜரைக் கூப்பிட்டுக் காட்டினாள்.

“அட, நீங்க செஞ்சதா?” மேனேஜர் அவளை நகரச் சொல்லிவிட்டுத் தானே உட்கார்ந்து தேதியை அடித்தார். தாள் வந்தது. இன்னொன்று அடித்தார். “நான் ஏதாவது கெடுத்துட்டா?”

“மூலம் கெடாது சார். அதைத் திறந்தா அதோட நகல்தான் வரும். தேதி, நம்பர் மட்டும் ஒரு தடவை அடிச்சா போதும்.”

“யார் வேணும்னாலும் செய்யலாம்?”

“யார் வேணும்னாலும் செய்யலாம் சார். மூடி அக்காகூடச் செய்வாங்க!” அவள் முகம் பூரித்திருந்தது.

மேனேஜரும் சிரித்தார். “பிரமாதம். மத்த பாட்டிலுக்கும் இதே மாதிரி செஞ்சு வெச்சிடுங்க.”

அந்த வாரம் முழுக்கச் செய்தாள். கண்ணாடி துடைக்கிறது, கை கழுவுகிறது, கழிப்பறைக்கு ஊற்றுகிறது என்று ஒவ்வொன்றுக்கும் ஓர் அச்சு. தேடித் திண்டாடாமல் இருக்க, திரையிலேயே வரிசையாகப் பெயரிட்டு வைத்தாள். சனிக்கிழமை வீட்டுக்குப் போகும்போது மகளுக்குப் புதுப் பென்சில் டப்பா வாங்கிக்கொண்டு போனாள்.

திங்கட்கிழமை மேனேஜர் கூப்பிட்டார்.

“இனிமே அந்த சீட்டுக்குத் தனியா ஆள் தேவைப்படாதேம்மா. வெளிய அனுப்புறேன்னு நினைச்சிடாதீங்க. மூடி போட்டு லேபிள் ஒட்டுற பக்கம் ஒரு கை குறையுது, அங்க வந்துடுங்க. நாள் கூலிதான்.”

“நிரந்தரம்னு சொன்னீங்களே சார்.”

“அது அந்த சீட்டுக்குத்தானேம்மா.”

தடுப்புக்குப் பின்னால் போய்ச் சாப்பாட்டுப் பையை எடுத்தாள். மெத்தையையும் எடுத்தாள். மூடி அக்கா கையைத் துடைத்துக்கொண்டு வந்து நின்றாள்.

“போன வருஷமே உன் வீட்டுக்காரர் எனக்கு இதைச் செஞ்சு காட்டினார் தங்கச்சி. ஒரு தடவை தட்டினார், தாள் பூரா ரொம்பிடுச்சு. வித்தைக்காரன் மாதிரி சிரிச்சார். அப்புறம் சேவ் பண்ணாமலே மூடிட்டார். ‘இதை வெச்சிட்டுப் போனா நாளைக்கு நாற்காலியைத் தூக்கிடுவாங்கக்கா’ன்னார்.”

அவள் மெத்தையின் பள்ளத்தை விரலால் நீவிக்கொண்டிருந்தாள். “என்கிட்டகூடச் சொல்லலையே அக்கா.”

“உன்கிட்ட எதுக்குச் சொல்லணும்? நீ இங்க வந்து உக்காருவேன்னு அவர் கண்டாரா?” மூடி அக்கா குரலைத் தாழ்த்தினாள். “நானாவது வாயைத் திறந்து சொல்லியிருக்கணும். சுவத்துக்கும் காது இருக்கிற இடம். மெதுவா செய், மெதுவா செய்னு சொல்லத்தான் முடிஞ்சுது.”

பாட்டில் நிரப்பி மூடி போடுகிற இடத்தில் சிமெண்ட் தரை எப்போதும் சொதசொதவென்று இருக்கும். பெண்கள் ஆளுக்கொரு சாக்கை மடித்துக் காலுக்கடியில் போட்டு நிற்பார்கள். அவளுக்குச் சாக்கு இல்லை.

“அந்த மெத்தையைப் போட்டுக்கோ. ஈரம் ஏறும்” என்றாள் மூடி அக்கா.

அவள் மெத்தையைப் பையில் வைத்து ஆணியில் மாட்டினாள். வெறும் தரையில் நின்றாள்.

தடுப்புக்கு அந்தப் பக்கம் மேனேஜர் நின்றபடியே எதையோ தட்டிவிட்டுப் போனார். ஆளில்லாத மேசையில் பிரிண்டர் தாளைத் தள்ளத் தொடங்கியது. யாரோ கொண்டுவந்து அவள் முன்னால் வைத்தார்கள். முதல் லேபிளை உரித்துப் பாட்டிலில் ஒட்டினாள். எழுத்து கட்டத்துக்கு நட்டநடுவில், கோடு பிடித்தாற்போல் நேராக இருந்தது.