பக்கத்து வீட்டு விலை

அலுவலகத்தில் அவனுக்குத் ‘தராசு’ என்று பெயர். பங்குத் தரகு நிறுவனம் ஒன்றின் ஆய்வுப் பிரிவில், எந்தப் பங்கு அதன் விலைக்குத் தகும், எது தகாது என்று எடைபோட்டு எழுதுவது அவன் வேலை. போன மாதம் அவன் எழுதிய அறிக்கையை நம்பித்தான் அக்காவின் கணவர் தன் ஓய்வுக்காலப் பணத்தில் பாதியை, மருத்துவமனைகளுக்குச் செயற்கை நுண்ணறிவு மென்பொருள் விற்கும் ஒரு நிறுவனத்தில் போட்டிருந்தார்.

அதன் பங்கு விலை, ஒரு பங்குக்கான ஆண்டு லாபத்தைப்போல இருநூறு மடங்கு. ‘அதிகம்தான், ஆனால் இதே துறையின் மற்ற நிறுவனங்களோடு ஒப்பிட்டால் மலிவு’ என்று தராசு எழுதியிருந்தான். எல்லோரும் அப்படித்தான் எழுதுவார்கள். லாபம் கைக்கு அகப்படாத இடத்தில் பக்கத்து வீட்டு விலையைப் பார்ப்பது தொழில் வழக்கம்.

அன்று காலை, அந்த மற்ற நிறுவனங்களின் விலைக்கு யார் நியாயம் சொன்னார்கள் என்று பார்க்க உட்கார்ந்தான். போட்டித் தரகர்களின் அறிக்கைகளைத் திறந்தான். எல்லாவற்றிலும் ஒரே வாதம்: அந்த மருத்துவ மென்பொருள் நிறுவனமே அந்த விலைக்குப் போகும்போது இது போகாதா? அடிக்குறிப்பில் ஆதாரமாக, அதே நிறுவனத்தைப் பற்றிப் போன ஆண்டு அவன் எழுதிய முதல் அறிக்கை. அவன் அவர்கள்மேல் சாய்ந்திருந்தான், அவர்கள் அவன்மேல். அடியில் தரை என்று ஒன்று இல்லை.

ஒப்பீட்டைத் தூக்கிவிட்டு, மருத்துவமனைகள் உண்மையில் கட்டும் சந்தாவை மட்டும் வைத்துக் கணக்குப் போட்டான். இன்றைய விலையில் ஐந்தில் ஒரு பகுதிகூடத் தேறவில்லை.

மேலாளர் நின்றபடியே திரையைப் படித்தார்.

“கணக்கு சரிதான். ஆனா இப்ப வெளியிட முடியாது.”

“ஏன் மேடம்?”

“அவங்க புதுப் பங்கு வெளியீட்டை நம்ம கம்பெனிதானே நடத்துது? அது முடிஞ்சதும் போடலாம்.” கதவருகே திரும்பினார். “அதுவரைக்கும் வெளில ஒரு வார்த்தை போகக் கூடாது. உரிமம் போறதோட நிக்காது தராசு. ஜெயில்.”

மதியம் படிக்கட்டில் இறங்கும்போது அத்தானின் அழைப்பு வந்தது.

“என்ன மாப்ளே, உன் பங்கு பறக்குதே! கல்யாணமான நாள்லேருந்து முதல் தடவையா உங்கக்கா என்னைப் புத்திசாலின்னு ஒத்துக்கிட்டா. புதுசா வெளியிடுறாங்களாமே, மீதிப் பணத்தையும் போட்டுடவா?”

வேண்டாம் என்ற ஒரு சொல் போதும்.

“அதைப் பத்தி நான் பேசக் கூடாது அத்தான்.”

“பேசக் கூடாதா?”

“சட்டம். என்னைக் கேக்காதீங்க.”

மறுமுனையில் வயிறு குலுங்கும் சிரிப்பு.

“புரிஞ்சுபோச்சு! நல்ல சேதி இருந்தாத்தானே வாயைப் பூட்டுவாங்க? கெட்ட சேதின்னா மறைச்சு சொந்த அக்கா வயித்துல அடிப்பியா நீ?”

“அத்தான், அப்படி இல்ல...”

“நீ ஒண்ணும் சொல்லலை, நான் ஒண்ணும் கேக்கலை. போதுமாடா?”

அழைப்பு துண்டிக்கப்பட்டது. தராசு திரையில் அந்த எண்ணைப் பார்த்துக்கொண்டே நின்றான். மகளின் பள்ளிக்கூடம், வீட்டுக் கடன், மேலாளர் சொன்ன கடைசி வார்த்தை எல்லாம் கண்முன் வந்தன. வெளியீடு முடிவதற்குள் விலை அவ்வளவாக விழாது என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டான். எவ்வளவு விழும் என்று கணக்குப் போட்டவனும் அவன்தான். கைபேசியைப் பையில் போட்டுக்கொண்டு மேலே ஏறினான்.

மாலையில் அக்காவின் குறுஞ்செய்தி: ‘உங்க அத்தான் மீதியையும் போட்டுட்டார். நீ இருக்கிற தைரியம்தான்டா.’

‘சரிக்கா’ என்று பதில் அனுப்பினான்.